பாட்டி ஓவியம், போட்டோக்காரர் மெயில்: கண்காட்சி நடத்துறவங்க என்ன செய்யணும்?

#1 கரிக்கோல் (கோவை)

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊரில் வருடா வருடம் ஒரு சின்னக் குழுக் கண்காட்சி நடத்துகிறோம். காலரி எல்லாம் இல்லை, கல்யாண மண்டபத்து மாடிதான். விற்றால் பத்து சதவீதம் வாடகைக்கும் டீச் செலவுக்கும் எடுத்துக்கொள்வோம்.

இந்த முறை வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்த படம் ஒன்று உண்டு. காதில் பாம்படம் போட்ட ஒரு பாட்டி, எண்ணெய் வண்ணம், மூன்றடிக்கு இரண்டரை அடி. இரண்டாம் நாளே 40,000 ரூபாய்க்குப் பேசி முன்பணம் வாங்கியாகிவிட்டது. அன்று இரவே ஒரு புகைப்படக் கலைஞரிடமிருந்து மெயில். யாரோ கண்காட்சியை வீடியோ எடுத்துப் போட்டதில் பார்த்திருக்கிறார். தான் எடுத்த போட்டோவையும் எங்கள் சுவரில் தொங்கும் ஓவியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பியிருந்தார். திட்டவெல்லாம் இல்லை. "பாட்டியின் இடது கண்மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள்" என்று ஒரு வரி மட்டும்.

பார்த்தேன். போட்டோவில் கருவிழிக்குள் வாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாக விழுந்திருக்கிறது. சதுரத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேமராவைப் பிடித்திருக்கிற ஓர் ஆள், தலையில் தொப்பி. பிறகு மாடிக்குப் போய் டார்ச் அடித்து ஓவியத்தைப் பார்த்தேன். அங்கேயும் அதே சதுரம். நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, பொட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு கோடு. நம்ம ஓவியர் போட்டோக்காரரைத் தொப்பியோடு சேர்த்து வரைந்து வைத்திருக்கிறார்!

ஓவியரிடம் கேட்டால், "பின்டரெஸ்ட்ல கிடைச்சது, பேரு ஒண்ணும் போடலை, நான் மூணு மாசம் உழைச்சிருக்கேன்" என்கிறார். அதுவும் பொய்யில்லை. தோலில் அவர் வைத்திருக்கிற வேலை அப்படி.

படத்தை இறக்கணுமா? வாங்குகிறவரிடம் சொல்லணுமா? எங்கள் குழுவுக்கு இதில் சட்டப்படி பொறுப்பு உண்டா?

#2 பிசிறு

இதுல என்ன இருக்கு? நெட்டுல பேரு போடாம விட்டது யாரு தப்பு? போட்டோ ஒரு நொடி வேலை, இவரு மூணு மாசம் உட்கார்ந்திருக்காரு. மீடியம் வேற, சைஸ் வேற. முப்பது சதவீதம் மாத்தினா காப்பிரைட் வராதுன்னு நாங்க படிக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தாங்க. அப்படிப் பார்த்தா மவுண்ட் ரோட்டுல கட்அவுட் வரைஞ்சவங்க எல்லாரும் ஸ்டில்லைப் பார்த்துதான் வரைஞ்சாங்க. அவங்கல்லாம் திருடங்களா?

#3 சட்டப்புள்ளி (சென்னை)

முதலில் கரிக்கோல் கேட்டதற்குப் பதில். உங்கள் குழுவுக்குப் பொறுப்பு உண்டு, அதுவும் அந்த மெயில் வந்த நேரத்திலிருந்து. பதிப்புரிமைச் சட்டம் 51ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமை மீறிய நகலை விற்பது, வியாபார நோக்கில் பொதுவில் காட்சிக்கு வைப்பது இரண்டுமே மீறல். லாபத்துக்காக இடம் கொடுத்தவர், தனக்கு இது தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று காட்டினால் தப்பிக்க வழி இருக்கிறது. நேற்றுவரை உங்களுக்கு அந்த வழி இருந்தது. இப்போது டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதியும் விட்டீர்கள். பத்து சதவீதம் வேறு எடுக்கிறீர்கள்.

ஆகவே விற்பனையை நிறுத்தி வையுங்கள், மெயிலுக்கு நாளைக்கே பதில் போடுங்கள், வாங்குகிறவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். மற்றதைப் பேசித் தீர்க்கலாம். இந்த மாதிரி விஷயங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு கோர்ட் வாசலுக்கே போவதில்லை.

அடுத்தது பிசிறு. 1957ஆம் வருடச் சட்டத்தில் ஓவியம், சிற்பம், புகைப்படம் மூன்றும் 'கலைப் படைப்பு' என்ற ஒரே தலைப்பில்தான் வருகின்றன. எடுத்தவர்தான் ஆசிரியர். பதிவு செய்யணும், பெயர் போடணும், முத்திரை குத்தணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. படத்தை எந்தப் பொருள் வடிவத்தில் மறுஆக்கம் செய்வதும் உரிமையாளருக்கு மட்டுமே உரியது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. கேன்வாஸும் ஒரு பொருள் வடிவம்தான். மீடியம் மாறியதால் தப்பிக்க முடியாது.

முப்பது சதவீதக் கணக்கு எந்தப் பிரிவிலும் கிடையாது. அதை யார் கிளப்பிவிட்டார்களோ, தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் நீதிமன்றங்கள் இன்னும் எடுத்துச் சொல்வது 1978ல் வந்த ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பைத்தான். அது நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடந்த வழக்கு. ஆனாலும் அதில் சொன்ன சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கருத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. இரண்டையும் பார்த்த சாதாரண மனிதனுக்கு இது அதன் நகல் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி. பாம்படம் போட்ட பாட்டி என்பது கருத்து, யார் வேண்டுமானாலும் வரையலாம். இந்த முகம், இந்த வாசல் வெளிச்சம், இந்தச் சாய்வு, நெற்றிக்கு மேலே இந்த வெட்டு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது வெளிப்பாடு. உங்கள் வழக்கில் தொப்பி வேறு இருக்கிறது. எந்த நீதிபதிக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படாது.

#4 பேனர்தாசன் (மதுரை)

தம்பி பிசிறு, பேனர் ஆளுகள இதுக்குள்ள இழுக்காதீங்க. நான் பதினாறு வயசுல பட்டறைக்குப் போனவன், சொல்றேன் கேளுங்க.

ஸ்டில்ல நாங்க எங்கயும் சுடலை. கம்பெனிக்காரன் ஸ்டில் ஆல்பத்தைக் கொண்டாந்து கொடுப்பான், இல்லேன்னா விநியோகஸ்தர் ஆபீஸ்ல இருந்து வரும். இது வேணும், இது வேணாம்னு அவனே டிக் போட்டிருப்பான். ஸ்டில் மேல பென்சில்ல அரை இஞ்ச் கட்டம் போடுவோம். துணியில நூலுக்குச் சாக்பொடி தடவி, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் இழுத்துப் பிடிச்சு, நடுவுல ஒருத்தன் சுண்டிவிடுவான். அரை இஞ்ச்சுக்கு ஒரு அடின்னு கட்டம் விழும். சட்டை, எழுத்து, பின்னணியெல்லாம் பசங்க. முகம் மட்டும் வாத்தியாரு. ஸ்டில் கறுப்பு வெள்ளைதான், கன்னத்துல ரோஸ், தாடைக்குக் கீழ நீலம்னு கலரெல்லாம் வாத்தியாரு மனசுல இருந்து வரும். கம்பெனி படம், கம்பெனி ஸ்டில், கம்பெனி கூலி. அதுல ஒளிவு மறைவுக்கு எங்க இடம்?

நீங்க சொல்றது வேற. கேக்காம எடுத்து, கையெழுத்துப் போட்டு, நாப்பதாயிரம் வெல வைக்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு.

ஆனா அந்த ஓவியரு கை நல்ல கைன்னு தெரியுது. கண்மணிக்குள்ள இருக்கிறதை அவ்வளவு சின்னதா இறக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல. என்னான்னு தெரியாமலே இறக்கியிருக்காரு, அதுதான் வருத்தம்.

#5 மூன்றாங்கண் (நெல்லை)

நான் அந்த போட்டோவை எடுத்தவன் இல்லை, ஆனால் அதே வேலை செய்கிறவன். "ஒரு நொடி வேலை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஷட்டர் ஒரு நொடி இல்லை, நூற்றியிருபத்தைந்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னால் நடப்பதைச் சொல்கிறேன். அந்த மாதிரி ஒரு பாட்டியைக் கண்டுபிடிப்பதே இப்போது பாடு, பாம்படத்தை விற்றுக் காதை ஒட்டவைத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். பேரன் பேத்தியிடம் பேசணும், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்கணும். "என்னைய எதுக்குய்யா எடுக்குத?" என்று மூன்று முறை கேட்ட பிறகு நான்காவது முறை அவர்களே மறந்துபோய் வேறெங்கோ பார்ப்பார்கள். வெளிச்சம் தலைக்கு மேலே இருந்தால் கண்குழி இருட்டாகிவிடும், அதனால் வாசலை ஒட்டி உட்கார வைக்கணும். நாம் தாழ உட்கார்ந்தால்தான் அந்த வாசல் கண்ணுக்குள் விழும். கண்மணிக்குள் தொப்பி தெரிகிறது என்றால் அந்த ஆள் எங்கே உட்காரணும் என்று யோசித்து உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் முடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்த பிறகு ஆரம்பிப்பதுதான் உங்கள் மூன்று மாதம். அது உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த முகம், எந்தப் பக்கத்து வெளிச்சம், எதைச் சேர்ப்பது எதை வெட்டுவது என்ற முடிவுகளில் ஒன்றாவது அவருடையதா?

எங்களில் பாதிப் பேர் கேட்டால் கொடுத்துவிடுவோம். எனக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு ஓவியர்கள் எழுதுகிறார்கள், யாரிடமும் காசு வாங்கியதில்லை, பெயர் போடச் சொல்வேன். கேட்காமல் எடுத்துவிட்டு "என் கற்பனை" என்று பேட்டி கொடுக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

#6 பிசிறு

சரி சார், ஆனா உலகத்துல பெரிய ஆளுங்க எல்லாம் இதைத்தானே பண்ணாங்க? அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் எந்தப் படத்தைச் சொந்தமா எடுத்தாரு? அவரு பண்ணா பாப் ஆர்ட், பொள்ளாச்சிக்காரன் பண்ணா திருட்டா?

#7 வெண்பலகை (சிங்கப்பூர்)

பிசிறு, வார்ஹோலை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். அவர் மேலேயும் வழக்குப் போட்டார்கள். 1964ல் அவர் செய்த பூக்கள் வரிசைக்கு மூலம் பட்ரீசியா கால்ஃபீல்ட் எடுத்து ஒரு போட்டோ பத்திரிகையில் வந்த செம்பருத்திப் படம். அவர் வழக்குத் தொடுத்தார், பிறகு சமரசமாகிவிட்டது.

பெரிய வழக்கு அவர் இறந்த பிறகு வந்தது. லின் கோல்ட்ஸ்மித் 1981ல் பாடகர் பிரின்ஸை எடுத்த போட்டோ. 1984ல் 'வேனிட்டி ஃபேர்' பத்திரிகை அதை ஒரே ஒரு முறை ரெஃபரன்ஸாக, அதாவது பார்த்து வரையும் மாதிரியாக, பயன்படுத்த 400 டாலர் கொடுத்து அனுமதி வாங்கியது, வார்ஹோல் வரைந்து கொடுத்தார். ஆனால் அவர் ஒன்றோடு நிற்கவில்லை, மொத்தம் 16 செய்து வைத்திருந்தார். 2016ல் பிரின்ஸ் இறந்ததும் அதில் ஆரஞ்சு நிறப் படத்தை அட்டையில் போட, அந்தப் பத்திரிகையின் தாய் நிறுவனம் வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு காசு இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. பத்திரிகைக்குப் படம் கொடுப்பது என்ற ஒரே வேலைக்கு போட்டோவும் வார்ஹோல் படமும் போட்டி போடுகின்றன, அங்கே நியாயமான பயன்பாடு (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) என்ற வாதம் நிற்காது என்பதுதான் சாரம். கலைக்கூடச் சுவரில் மாட்டுவதைப் பற்றி அந்தத் தீர்ப்பு எதுவும் முடிவு செய்யவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸ் கதை இன்னும் மோசம். நாய்க்குட்டிகளை ஏந்திய தம்பதியின் போட்டோ அச்சடித்த வாழ்த்து அட்டை ஒன்றை வாங்கி, அதிலிருந்த உரிமைக் குறிப்பைக் கிழித்துவிட்டு, இதே மாதிரி சிலை செய் என்று இத்தாலிப் பட்டறைக்கு அனுப்பினார். போட்டோ எடுத்தவர் வழக்குப் போட்டார், கூன்ஸ் 1992ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். குறிப்பைக் கிழித்ததே, அவர் தெரிந்துதான் நகலெடுத்தார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஆனால் கரிக்கோலின் கதைக்கு ரொம்ப நெருக்கமானது லக்சம்பர்க் வழக்கு. ஜிங்னா ஜாங் இங்கே சிங்கப்பூரில் வளர்ந்தவர், ஒரு காலத்தில் இந்த நாட்டுக்காகத் துப்பாக்கி சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர், பிறகு ஃபேஷன் போட்டோகிராபர் ஆனார். 'ஹார்ப்பர்ஸ் பஜார்' வியட்நாம் பதிப்புக்காக 2017ல் அவர் எடுத்த ஒரு படத்தை, ஜெஃப் டீஷ்பூர்க் என்ற இளம் ஓவியர் இடம் வலமாகத் திருப்பி எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். 2022ல் ஸ்ட்ராசென் என்ற ஊரின் கலைக் கண்காட்சியில் வைத்து 1,500 யூரோ பரிசும் வாங்கினார். விலை 6,500 யூரோ. அதுவும் உங்கள் மாதிரி ஊர்க் கண்காட்சிதான், பெரிய அருங்காட்சியகம் இல்லை.

கீழ்க்கோர்ட்டில் ஜாங் தோற்றார். அந்த போஸில் புதுமை இல்லை, போட்டோவுக்கே போதிய தனித்தன்மை இல்லை என்று 2022 டிசம்பரில் தீர்ப்பு. இங்கே எங்கள் போட்டோ குழுக்களில் அன்று ஒரே கொந்தளிப்பு. 2024 மே மாதம் மேல்முறையீட்டில் அது தலைகீழாகி ஜாங் ஜெயித்தார். நடுவில் ஒன்றரை வருடம் ஓவியரும் போட்டோக்காரரும் இணையத்தில் பட்ட பாடு தனி. ஓவியரைத் திட்டியவர்கள் அளவில்லை. அது அவருக்குத் தேவைதானா என்று எனக்கே தோன்றியது, மாணவர் பருவத்தைத் தாண்டாத பையன்.

#8 நீர்வண்ணி (கும்பகோணம்)

சட்டத்தை விட்டுவிட்டு வகுப்பறையில் இருந்து சொல்கிறேன். போட்டோவைப் பார்த்து வரையாதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ரவிவர்மா காலத்திலிருந்தே ஓவியர்கள் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பயிற்சிக்கு வீட்டில் எதை வேண்டுமானாலும் பார்த்து வரையட்டும். சட்டப்புள்ளி திருத்தட்டும், சொந்தப் பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சிக்கல் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுவரும்போதுதான்.

ஆனால் எனக்கு இதில் அறத்தைவிடக் கண் பெரிய கவலை. போட்டோவை அப்படியே இறக்கிய படம் எனக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். செல்போனைக் கிட்டே வைத்து எடுத்ததில் மூக்கு பெரிதாகிக் காது சின்னதாகியிருக்கும், அதை அப்படியே வரைந்திருப்பார்கள். நிழல் என்றால் ஒரே கறுப்பு. நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசல் நிழலில் பச்சை இருக்கும், புடவை நிறம் தாடைக்குக் கீழே ஏறியிருக்கும். கேமராவுக்கு அது கிடைக்காது. பின்னணியில் விளக்குகள் வட்டவட்டமாக மங்கியிருப்பது லென்ஸின் குணம். தெளிவான பார்வையுள்ள கண்ணுக்கு எந்தத் தெருவிலும் அப்படி வட்டம் தெரிந்ததில்லை. அதையும் பொறுக்கி எடுத்து வரைகிறார்கள்.

அதனால் என் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். முகம் ஒரு போட்டோவிலிருந்து என்றால் வெளிச்சம் நீ நேரில் பார்த்ததாக இருக்கணும், உடை இன்னொன்றிலிருந்து. முடிந்தால் நீயே போய் எடு, படம் ஆடியிருந்தாலும் பரவாயில்லை. காவிரிக் கரையில் காலையில் உட்கார்ந்தால் ரெஃபரன்ஸுக்குப் பஞ்சமே இல்லை. இது முடியாதவர்களுக்கு இணையத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமத்தில், அதாவது எடுத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுத்து வைத்த படங்கள் இருக்கின்றன, ஆனால் அங்கேயும் உரிமத்தைப் படிக்கணும். சிசி பை என்றால் பெயர் போட்டால் போதும். வணிகப் பயன்பாடு கூடாது என்று இருந்தால் அதை வைத்து வரைந்த ஓவியத்தை விற்கக் கூடாது. வழிப்படைப்பு கூடாது என்று இருந்தால் ஓவியமாக்கி வெளியிடவே கூடாது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நிறைய நடக்கிறது.

வெளிநாட்டு நீர்வண்ணப் போட்டிகள் பலவற்றில் ரெஃபரன்ஸும் உன்னுடையதாகத்தான் இருக்கணும் என்று விதியே உண்டு. அனுப்ப நினைக்கிறவர்கள் முதலில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

#9 சட்டப்புள்ளி

நீர்வண்ணி மேடம் சொன்னது சரி. சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் விலக்கு உண்டு. இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டால் அது சொந்தப் பயன்பாடு என்று வாதாடுவது கஷ்டம், அவ்வளவுதான் சேர்த்துக்கொள்வேன்.

இன்னொன்று. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கிற சிற்பம், கட்டடம் இவற்றை வரைய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, அதே 52ஆம் பிரிவில் அதற்கும் இடம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலை யார் வேண்டுமானாலும் வரையலாம். விமானத்துக்குப் பின்னால் மின்னல் வெட்டும்போது ஒருவர் மழையில் நின்று எடுத்த போட்டோவைப் பார்த்து வரைந்தால் கதை வேறு.

#10 தாளும்கோலும் (ஈரோடு)

இழையைத் திசை திருப்புவதாக நினைக்க வேண்டாம். நான் ஆர்டருக்கு முகப்படம் வரைகிறவன். வருகிற ஆர்டரில் முக்கால்வாசி இறந்துபோன அப்பா, அம்மா, தாத்தா. பழைய ஸ்டுடியோ போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பாதி பூஞ்சை பிடித்திருக்கும், பின்னால் ஸ்டுடியோ முத்திரை இருக்கும். நான் என்ன, ஸ்டுடியோவைத் தேடிப்போய் அனுமதி வாங்கணுமா? பல ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

#11 சட்டப்புள்ளி

நல்ல கேள்வி, நல்ல செய்தியும்கூட. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் காசுக்கு எடுத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். 17ஆம் பிரிவு. தாத்தா ஸ்டுடியோவுக்குப் போய் காசு கொடுத்து எடுத்திருந்தால் உரிமை தாத்தாவுக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. அவர்களே கொண்டுவந்து கொடுப்பதால் உங்களுக்குச் சிக்கலில்லை. கல்யாண ஆல்பமும் இப்படித்தான்.

ரொம்பப் பழைய போட்டோ என்றால் இன்னும் எளிது. 2012 திருத்தத்துக்கு முன்பு போட்டோவுக்கு வெளியான நாளிலிருந்து 60 வருடம்தான் காலம். திருத்தத்துக்குப் பிறகு மற்ற படைப்புகளைப் போல எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும். முடிந்துபோன உரிமை திருத்தத்தால் உயிர்த்தெழாது. ஆகவே இந்தியாவில் 1951 வரை வெளியான போட்டோக்கள் பொதுச் சொத்தாகிவிட்டன, யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கெட்ட செய்தியும் அதே பிரிவில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஆர்டருக்கு வரையும் ஓவியத்துக்கும் அதே விதிதான். நீங்கள் வரைந்த தாத்தா படத்தின் உரிமை, எழுதி வாங்காவிட்டால், வாடிக்கையாளருக்கு. அவர் அதை நூறு பிரதி அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் நீங்கள் கேட்க முடியாது. உங்கள் பெயரை அழித்தாலோ படத்தைச் சிதைத்தாலோ மட்டும் 57ஆம் பிரிவின்படி கேட்கலாம்.

#12 தாளும்கோலும்

அடப்பாவமே. இத்தனை வருடமாக இது தெரியாமல் வரைந்துகொண்டிருக்கிறேன். நாளையிலிருந்து பில் புக்கில் ஒரு வரி சேர்க்கிறேன்.

#13 அகல் (தூத்துக்குடி)

எல்லோரும் ஓவியர், போட்டோக்காரர், வாங்குகிறவர் என்று பேசுகிறீர்கள். பாட்டியை யாராவது கேட்டார்களா? 40,000 ரூபாயில் பாட்டிக்கு எவ்வளவு?

1984ல் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமி படத்தை, பென்சிலிலும் கலரிலும் நம் ஊரில் வரையாத கை இல்லை. அடுத்த வருடம் 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்து உலகமே அந்தக் கண்ணைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஷர்பத் குலா என்று உலகத்துக்குத் தெரிய 2002 ஆக வேண்டியிருந்தது. வரைந்தவர்கள் மெக்கரியைக் கேட்கவில்லை என்று கோபப்படுகிற போட்டோக்காரர்கள், போட்டோ எடுக்கப்பட்டவர்களின் விஷயத்தில் ஏன் இவ்வளவு நிதானம்?

#14 மூன்றாங்கண்

அகல், அடி சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. எங்கள் ஆட்களில் பலர் வயல்காரர், மீன்காரம்மா, பாட்டி என்று எடுத்துப் போட்டிக்கு அனுப்பி, பரிசு வாங்கிய பிறகு அந்த ஊர்ப் பக்கமே போவதில்லை. படத்தின் கீழே பெயர்கூட இருக்காது, 'சுருக்கங்கள்' என்று தலைப்பு இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை.

நான் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், விற்றால் ஒரு பங்கு. எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறேனா என்று கேட்டால், இல்லை, திண்ணையில் உட்கார்ந்து ஒப்பந்தத் தாளை நீட்டினால் அடுத்த நிமிடமே எழுந்து உள்ளே போய்விடுவார்கள். ஆனால் போட்டோக்காரர் பாட்டியிடம் நடந்துகொண்ட முறையில் குறை இருந்தாலும், அதனால் ஓவியருக்கு உரிமை வந்துவிடாது. இரண்டு பேரும் சேர்ந்து பாட்டிக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

#15 பிசிறு

நான் ஒண்ணு கேக்கறேன். ஏஐல கோடிக்கணக்கான படத்தை அள்ளிப் போட்டு அரைக்கிறானே, அவனை விட்டுட்டு ஒரு கேன்வாஸ்காரனை இப்படி…

#16 மட்டுறுத்தினர்

பிசிறு, ஏஐக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது. அங்கே வாருங்கள். இங்கே வேண்டாம்.

#17 கரிக்கோல்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சட்டப்புள்ளி சார் சொன்னபடி விற்பனையை நிறுத்தி, மெயிலுக்குப் பதில் போட்டேன். ஓவியருக்கு முதலில் பயங்கரக் கோபம், "என்னைக் காட்டிக் கொடுத்துட்டீங்க" என்றார். தொப்பியைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அதை அவர் இலை நிழல் என்று நினைத்து வரைந்தாராம்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரையும் போனில் பேச வைத்தோம். போட்டோக்காரர் கேட்டது இவ்வளவுதான்: ஓவியத்துக்குக் கீழே அட்டையில் தன் பெயர், விலையில் ஐந்தில் ஒரு பங்கு, இந்த ஒரு கேன்வாஸைத் தவிர பிரிண்ட், காலண்டர், கப் எதுவும் போடக் கூடாது. முதல் இரண்டுக்கும் ஓவியர் ஒத்துக்கொண்டார். பிரிண்ட்டில்தான் இழுபறி, ஏற்கெனவே நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்களாம். கடைசியில் விட்டுக்கொடுத்தார், மனசில்லாமல்தான். வாங்குகிறவர் பின்வாங்கவில்லை, ஆனால் போட்டோக்காரர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால்தான் மீதிப் பணம் என்றுவிட்டார். கடிதம் கூரியரில் வந்துகொண்டிருக்கிறது. பாட்டி பற்றிக் கேட்டேன். கயத்தாறு பக்கமாம், இப்போதும் இருக்கிறாராம். அவர் பங்கைத் தன் பங்கிலிருந்து கொடுத்துவிடுவதாகப் போட்டோக்காரர் சொன்னார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

#18 பிசிறு

ஐந்தில் ஒரு பங்கு அதிகம். என் கருத்து மாறலை.

#19 பேனர்தாசன்

மாற வேணாம் தம்பி. அடுத்த படத்துக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுப் பாருங்க, ஓசியிலயே கொடுத்தாலும் கொடுப்பாங்க.

#20 கரிக்கோல்

அடுத்த வருடப் படிவத்தில் இப்படி ஒரு பத்தி சேர்க்க நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"இந்த ஓவியத்துக்குப் பயன்படுத்திய ரெஃபரன்ஸ் என்னுடையது. பிறருடையது என்றால் அவர் பெயரும் அவர் எழுத்தில் கொடுத்த அனுமதியும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. உரிமைச் சிக்கல் எழுந்தால் படத்தை இறக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு."

#21 சட்டப்புள்ளி

'ரெஃபரன்ஸ்' என்று மட்டும் போட்டால் நாளைக்கு ஒருவர் "நான் ரெஃபரன்ஸ் எதுவும் வைக்கவில்லை, அப்படியே கண்ணால் பார்த்து வரைந்தேன்" என்பார். "புகைப்படம், வீடியோக் காட்சி, பிறர் ஓவியம் உட்பட" என்று சேருங்கள். அனுமதி எதற்கு என்பதையும் பிரித்துக் கேளுங்கள்: காட்சிக்கு, விற்பனைக்கு, பிரிண்ட்டுக்கு என்று மூன்று கட்டம் போட்டு டிக் செய்யச் சொல்லுங்கள். உங்கள் இழுபறி முழுக்க மூன்றாவது கட்டத்தில்தான் வந்தது.

#22 நீர்வண்ணி

பொதுச் சொத்து, காமன்ஸ் உரிமம் இதற்கும் ஒரு கட்டம் வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் ரவிவர்மாவிடம் அனுமதிக் கடிதம் கேட்டுக் கிளம்பிவிடுவார்கள் 😀

#23 கரிக்கோல்

மாற்றிவிட்டேன், மொத்தம் நான்கு கட்டம். படிவத்தின் பிடிஎஃப் வேண்டும் என்பவர்கள் தனிமடல் போடுங்கள், அனுப்புகிறேன்.